உப்பு நோட்டும் அரை டம்ளர் அரிசியும்

கண்ணா, நேற்றுக் காலை நீ போனில் கேட்டதற்கு என் பதில் இதுதான்: நான் வர மாட்டேன். மல்லேஸ்வரத்தில் நீ இருக்கும் வீட்டிலிருந்து ஸ்ரீராம்புரத்தில் நான் இருக்கும் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறாளே அம்மா என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் நீ என் பேச்சை வெட்டுவாய், நான் அழுதுவிடுவேன், கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு உனக்குச் சமைக்க வந்துவிடுவேன். எழுத்தில் யாரும் என்னை வெட்ட முடியாது. மூன்றாம் வகுப்போடு நின்று, கடையில் பொட்டலம் மடித்த தாள்களைப் படித்தே எழுத்தைப் பிடித்தவள் நான். இன்றுதான் அது எனக்கு உருப்படியாக உதவுகிறது. இதையே இன்னொரு பிரதி எழுதி, நான் வாசிக்கும் மாத இதழுக்கும் அனுப்புகிறேன். அதில் உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. உன் மனைவியைச் சுமதி என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். முப்பது வருடம் எல்லாவற்றையும் மூடி வைத்தேன். மூடி வைத்ததில் என்ன விளைந்தது என்பதை நீ போன வாரம் காட்டிவிட்டாய்.

நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், நான் எதையும் கூட்டவில்லை என்று நீயே தெரிந்துகொள்.

"அவ அங்கதானே இருக்கா?"

"இருக்கா."

"அனுப்பும்மா. நாலு நாளா ஓட்டல் சாப்பாடு. வயிறே கெட்டுப்போச்சு."

"அவ வாய் வெந்து கிடக்குடா."

"அதுக்கு நான் என்ன பண்றது? வேணும்னா பண்ணேன்? ஆபீஸ்லேர்ந்து பசியோட வரேன், சாம்பார்ல ஒரே உப்பு. நீதானே சொல்லுவே, பசி வந்தா அப்பாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு. எனக்கும் அவரோட ரத்தம்தானே ஓடுது? சரி, அவ வர வேணாம். நீ வா. வந்து ரெண்டு மாசம் ஆக்கிப் போடு."

நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை நீ ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாய்.

முதலில் உன் பசிக்கு வழி சொல்கிறேன். பட்டினி கிடப்பவனுக்குப் புத்தி சொல்லக் கூடாது. அலமாரியின் மேல்தட்டில் இரண்டு லிட்டர் சின்னக் குக்கர் இருக்கிறது, சுமதி பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்தது. அதை எடு. உன் ஒருவனுக்கு அரை டம்ளர் அரிசி போதும். கண் பார்த்து முக்கால் டம்ளர் போடாதே, மீந்துவிடும். அரிசியில் பாதி அளவு பயத்தம்பருப்பு. இரண்டையும் சேர்த்து வெறும் குக்கரிலேயே வாசம் வரும்வரை வறு. கழுவு. மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி நான்கு விசில் விடு. ஆவி தானாக அடங்கட்டும், கரண்டியால் வெயிட்டைத் தூக்காதே. ஒரு ஸ்பூன் நெய்யில் மிளகு, சீரகம், நான்கு கறிவேப்பிலை பொரித்துக் கொட்டு. ஒரே பாத்திரம், அரை மணி நேரம், ஒருவனுக்கான பொங்கல். உப்பு எவ்வளவு என்று நான் சொல்லவில்லை, கவனித்தாயா? அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்கும் வழக்கம் கிடையாது. சாமி படத்துக்குக் காட்டும் முன் நாக்கில் வைத்தால் அது எச்சில். என் மாமியார் சொன்னார், நான் பிடித்துக்கொண்டேன். முருகனுக்கு எச்சில் சோறு படைப்பதைவிட அடி வாங்குவது மேல் என்று நிஜமாகவே நம்பினேன். அடியும் வாங்கினேன். உன் அப்பா மில்லில் முதல் ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வருவார். கை கால் கழுவிவிட்டுத் தட்டின் முன் உட்காருவார். முதல் கவளம் வாய்க்குள் போகும்போது அவர் தாடையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். தாடை தொடர்ந்து அசைந்தால் அன்றைக்கு நல்ல நாள். நின்றுவிட்டால் என் கை தானாக முகத்துக்கு மேல் போய்விடும். வெண்கலச் சொம்பு, கரண்டி, ஒரு தடவை கொதிக்கும் ரசத்தோடு ஈயச் சொம்பு. இடது தோளில் இருக்கும் தழும்பு அம்மை போட்டது என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னேன். அம்மையும் இல்லை ஒன்றும் இல்லை, கண்ணா. அது தக்காளி ரசம்.

அதனால் தடியாக ஒரு கணக்கு நோட்டுப் போட்டேன். எதையும் எழுதி வைத்துப் பார்ப்பவள் அல்லவா நான். ருசி பார்க்க முடியாது, ஆனால் அளக்கலாமே! பூஜை சாமானில் இருந்த சின்னப் பித்தளைக் கரண்டியை உப்புக்கென்று ஒதுக்கினேன். தேதி, குழம்பு, எத்தனை கரண்டி உப்பு, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை: 'சாந்தம்' அல்லது 'கோபம்'. எந்தக் குழம்புக்கு எந்த அளவு சரி என்று பிடித்துவிட்டால் வீட்டில் தட்டு பறக்காது என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நோட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். அந்த நோட்டைத் தெய்வமாக வைத்திருந்தேன்.

காவிரித் தகராறில் ஊர் அடங்கிக் கிடந்த அந்த வாரம் உனக்கு நினைவிருக்குமா? தொண்ணூற்றொன்றில், உனக்குப் பதினோரு வயது. மில் மூடிவிட்டார்கள், உன் அப்பா நாள் முழுக்க வீட்டில். எங்கோ ரப்பர் எரியும் நாற்றம் தெருவுக்குள் வந்துகொண்டே இருந்தது. தமிழ் எழுதிய பலகையை யார் யாரோ கழற்றி உள்ளே வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கௌரம்மா, அவர்கள் கன்னடக்காரர்கள், ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "பயப்படபேடம்மா. புள்ளையக் கூட்டிக்கினு எங்க ஊட்டுக்கு வந்துடு. யாராவது வந்தா நான் கன்னடத்துல பேசி அனுப்பிடறேன்." நான் தலையை ஆட்டினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பயந்தது தெருவில் இருந்தவர்களுக்கு இல்லை. மூன்று மணிவரை காத்திருந்து வந்துகொண்டிருந்த ஆபத்து அந்த வாரம் காலையிலிருந்தே பாயில் படுத்துக் கிடந்தது.

காய்கறி வரவில்லை. இருந்த கத்தரிக்காய் இரண்டைப் போட்டு வத்தக்குழம்பு வைத்தேன். இரண்டரைக் கரண்டி உப்பு. நோட்டில் 'சாந்தம்' என்று பல தடவை எழுதியிருந்த அதே அளவு. உன் அப்பா ஒரு வாய் வைத்தார், தாடை நின்றது. தட்டு என் நெற்றியில் பட்டுச் சுவரில் மோதிச் சுழன்றது. பிறகு என் கொண்டையைப் பிடித்துத் தரையில் இறைந்த சோற்றில் முகத்தை அழுத்தினார். "தின்னுடி. நீ ஆக்கினத நீயே தின்னு." மூக்குக்குள் குழம்பு போய் எரிந்தது. முன்பல் ஒன்றின் முனை உடைந்தது. நீ சுவரோரம் உட்கார்ந்து உன் தட்டிலிருந்த சோற்றை உருண்டை உருண்டையாக உருட்டிக்கொண்டே இருந்தாய். சாப்பிடவில்லை, உருட்டினாய்.

கௌரம்மா கதவைத் தட்டினாள். "என்னம்மா சத்தம்?"

"தட்டு கை தவறி விழுந்திடுச்சு கௌரம்மா."

"எத்தினி வாட்டிம்மா ஒரே தட்டு விழும்?" பிறகு உன் அப்பாவுக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்திச் சொன்னாள். "ரோட்ல இருக்கறவனுக்குப் பயந்து தாப்பா போட்டுக்கின. உள்ள இருக்கறவனுக்கு எந்தத் தாப்பாவப் போடுவே?"

கதவைத் திறந்திருக்கலாம். உன்னைத் தூக்கிக்கொண்டு நான்கடி நடந்து அவள் வீட்டுக்குள் போயிருக்கலாம். நான் போகவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் காதில் சொன்னேன்: "அப்பா மேல தப்பில்ல கண்ணா. பசி வந்தா அவருக்குக் கண்ணு தெரியாது. அம்மாதான் உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டுட்டேன்." உன் பயம் தெளிய வேண்டும் என்றுதான் சொன்னேன். அது உன் மனதில் எங்கே போய்த் தைத்தது என்று பார்க்கவில்லை. மறுநாள் நீ அடுப்படிக்கு வந்து உப்பு ஜாடியைப் பார்த்துக் கேட்டாய், "இன்னிக்கு சரியாப் போட்டியாம்மா?" அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றே உன்னை அப்பா பக்கம் உட்கார வைத்துவிட்டேன். பதினான்கு வயதில் ஒரு நாள் நீ தட்டை விரலால் தள்ளி, "உப்பு பத்தல" என்றாய், அவர் குரலிலேயே. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். கௌரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், "அப்பனை உரிச்சு வெச்சிருக்கான் பாருங்க." அவள் சிரிக்கவில்லை.

அந்த ஊரடங்கு வாரத்துக்குப் பிறகு நோட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்துப் படித்தேன். ஒரே வத்தக்குழம்பு, ஒரே இரண்டரைக் கரண்டி. திங்கட்கிழமை சாந்தம், வியாழக்கிழமை கோபம். அடுத்த மாதம் கோபம், அதற்கடுத்த வாரம் சாந்தம். பருப்பு ரசம், கீரை மசியல், எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அப்படித்தான். அளவு மாறவில்லை, கடைசி வார்த்தைதான் மாறியிருந்தது. கணக்குத் தெரிந்தவளுக்கு அது போதாதா? அடிக்கும் உப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அன்றே எனக்கு விளங்கிவிட்டது கண்ணா. ஆனாலும் மறுநாளும் கரண்டியை எடுத்து அளந்தேன், எழுதினேன். உப்பு காரணம் இல்லையென்றால் என் கையில் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை. அளந்துகொண்டிருந்தால் நாளைக்காவது சரியாகலாம் என்று ஒரு பிடி இருந்தது.

கடைசியில் உன் அப்பாவே சாட்சி சொல்லிவிட்டுப் போனார். ரத்த அழுத்தம் ஏறி, ஒரு கையும் காலும் விழுந்து, உப்பையே நிறுத்தச் சொன்னார் டாக்டர். எட்டு மாதம், ஒரு கல் உப்புக்கூட இல்லாத சோற்றை நான் ஊட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் தின்றார். நல்ல பசியும் இருந்தது அவருக்கு, இன்னும் கொடு என்று வாயைத் திறப்பார். பசி இருந்தது, உப்பு இல்லை, அடி மட்டும் விழவில்லை. தூக்குவதற்குக் கை இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு கவளத்துக்கும் அந்தத் தாடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் போன பிறகு நான் அழுததை நீ துக்கம் என்று நினைத்தாய். பாதி துக்கம்தான்.

சரி, அடுத்த சமையல். தினமும் பொங்கல் தின்ன முடியாது. ரசத்துக்குப் பருப்பு வேகவைக்கத் தேவையில்லை. நெல்லிக்காய் அளவில் பாதி புளியை ஒரு டம்ளர் வெந்நீரில் கரை. பழுத்த தக்காளி ஒன்றைக் கையாலேயே பிசைந்து போடு, ஒரு ஸ்பூன் ரசப்பொடி, பச்சை வாசனை போகக் கொதித்ததும் இன்னும் அரை டம்ளர் தண்ணீர். நுரை கட்டி எழும்பும்போது இறக்கிவிடு, அதற்குமேல் கொதித்தால் கசந்துவிடும். அவரேக்காய், நம் பச்சை மொச்சைதான், வரும் பருவத்தில் கால் கிலோ வாங்கி, உரித்த கொட்டையை ஊறப்போட்டுப் பிதுக்கு. ஒரு பிடி பருப்பு கிடைக்கும். அதை வேகவைத்து அரை டம்ளர் ரவையில் உப்புமா கிளறு. பிதுக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். கை பரபரக்கிற நாளில் அந்தக் கைக்கு ஒரு வேலை. முட்டையை நான் நம் வீட்டு வாசல்படி ஏற விட்டதில்லை. நீ வெளியே தின்பது எனக்குத் தெரியும், உன் சட்டைப் பையிலிருந்த பேக்கரி ரசீது எல்லாம் பார்த்திருக்கிறேன். வெங்காயம் வதக்கி இரண்டு உடைத்து ஊற்றிக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு. இதை எழுதியதற்கு முருகன் என்னை மன்னிப்பார். இதைவிடப் பெரிய மன்னிப்பு ஒன்றை அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அது இதுதான். உன் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், சுமதியை அடுப்படிக்குள் கூப்பிட்டு அந்த நோட்டை அவள் கையில் கொடுத்தேன். பித்தளைக் கரண்டியையும் கொடுத்தேன். "இந்த அளவுலயே போடு. ருசி பாக்காத, எச்சில். எல்லாம் சரியா இருக்கும்" என்றேன். அந்தக் கடைசி வார்த்தை எதற்கு என்று அவள் கேட்டாள். "ஆம்பளைங்க மூடு எப்படி இருக்குன்னு ஒரு குறிப்பு, அவ்வளவுதான்" என்று சொல்லிச் சிரித்தேன். நகை கொடுத்தேன், பட்டு கொடுத்தேன், இதையும் கொடுத்தேன். நீ அடிப்பாய் என்று எனக்குத் தெரியாது என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமலா அந்த நோட்டைக் கொடுத்தேன்?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் என் வாசலில் வந்து நின்றபோது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். பேச முடியவில்லை. முந்தானையை விலக்கினேன். கீழுதடு தோலுரிந்து தொங்கியது. நாக்கின் நுனி வெள்ளையாக வெந்திருந்தது. தாடையின் இரண்டு பக்கமும் உன் விரல்கள், நான்கு ஒரு பக்கம், கட்டைவிரல் மறு பக்கம், ஊதா நிறத்தில். தாடையைப் பிடித்துத் திறந்து, அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரைக் கரண்டியால் அவள் வாய்க்குள் ஊற்றினாயே, "எவ்ளோ உப்புன்னு நீயே பாருடி" என்று, அந்தக் கரண்டி நான் உனக்குப் பருப்புச் சாதம் போட்ட கரண்டி. பேச முடியாததால் அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து என் முன் நீட்டினாள். என் கையெழுத்து முடிந்த பக்கத்துக்கு மறுபக்கம் அவள் கையெழுத்து தொடங்கியிருந்தது. தேதி, குழம்பு, கரண்டி, கடைசியில் ஒரு வார்த்தை. ஒன்றரை வருடம், கண்ணா. சாம்பார், இரண்டு கரண்டி, சாந்தம். சாம்பார், இரண்டு கரண்டி, கோபம். கடைசி வரியில் சாம்பார், இரண்டு கரண்டி என்று எழுதி, அடுத்த வார்த்தையை எழுதாமல் விட்டிருந்தாள்.

டாக்டரிடம் காட்டினோம். இந்த முறை தட்டு விழுந்தது, பால் கொட்டியது என்று ஒன்றும் சொல்லவில்லை. "என் மகன் செய்தான்" என்று நான்தான் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அவளுக்கு உப்பு, காரம், புளி எதுவும் ஆகாது. கால் டம்ளர் நொய்யை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, ஆறவைத்து, மோர் விட்டுக் கரைத்து ஸ்பூனால் கொடுக்கிறேன். முதல் நாள் அந்தக் கஞ்சியைச் சாமி படத்தின் முன் கொண்டுபோய் வைக்கக் கை நீட்டினேன். சூடு எப்படியிருக்கிறதோ, புண்ணான வாய்க்குச் சுட்டுவிடுமோ என்று நினைப்பு வந்தது. அப்படியே நின்று, இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். பிறகு அதையே முருகனுக்குக் காட்டினேன். என் வாழ்நாளில் முதல் முறை எச்சில் படைத்தேன். வீட்டில் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆகவே உப்பைப் பற்றி இப்போது சொல்கிறேன். அளவு கிடையாது. கொஞ்சம் போடு, கலக்கு, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு ருசி பார். போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம். கூடிவிட்டால் அரை டம்ளர் தண்ணீர் ஊற்று, இல்லாவிட்டால் எலுமிச்சை பிழி, இல்லாவிட்டால் தயிர் கலந்து தின்றுவிட்டுப் போ. உலகத்தில் கோடிப் பேர் அப்படித்தான் தின்கிறார்கள்.

சுமதி திரும்பி வருவாளா என்று நீ கேட்பாய். நான் அவளிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அது அவள் வாய் ஆறிய பிறகு அவள் வாயால் சொல்ல வேண்டியது. உன் சார்பில் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ இங்கே வரவும் வேண்டாம். வந்தால் தாழ்ப்பாள் போட்டிருக்கும். நீ கதவைத் தட்டினால் அடுத்த நிமிடம் நான் சுவரைத் தட்டுவேன். கௌரம்மாவுக்கு வயதாகிவிட்டது, காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. அவள் மகன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட இரண்டு நிமிடம் ஆகும். டாக்டர் கொடுத்த தாளும் தயாராக இருக்கிறது. பெற்ற மகனுக்கு இதை எழுதுகிறாளே என்று தோன்றும். உன் அப்பாவுக்கு எழுதியிருக்க வேண்டியது. இருபது வருடம் தாமதமாக, தப்பான விலாசத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள். உன் விலாசம்தான் இப்போது சரியான விலாசம்.

இந்தக் கடிதத்தோடு அந்த நோட்டையும் பித்தளைக் கரண்டியையும் அனுப்புகிறேன். பின்னால் நாற்பது பக்கம் போலக் காலியாக இருக்கிறது. இனிமேல் நீ எழுது. தேதி போடு, என்ன சமைத்தாய், எவ்வளவு உப்புப் போட்டாய் என்று எழுது. பழக்கமில்லாத கை, முதல் மாதம் பல நாள் கரிக்கும், பல நாள் சப்பென்றிருக்கும். ஆபீஸிலிருந்து பசியோடுதான் வருவாய், அப்பாவின் ரத்தம்தான் ஓடும். தட்டின் முன் நீ ஒருவன்தான் இருப்பாய். சாம்பாரில் உப்பு கூடிப்போன ஒவ்வொரு நாளும், அந்தக் கடைசிக் கட்டத்தில், அன்றைக்கு யாரை அடித்தாய் என்று எழுது.

ஒரு வருடம் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு வா. கதவுக்கு வெளியே நின்று படித்துக் காட்டு. நானும் கேட்கிறேன். கேட்பதா வேண்டாமா என்று சுமதி முடிவு செய்வாள்.

அம்மா